தகரத்துக்குக் கூரை கிடைத்துவிட்டது, ஆட்களுக்கு?

இரண்டாம் உலகப் போரில் அருணாச்சல மலைகளில் விழுந்த அமெரிக்க விமானங்களில் இருந்தவர்களின் எலும்புகளைத் தேடுவதற்கான அனுமதிக் கோப்பை டெல்லியில் கையில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன மாதம் அருணாச்சலப் பிரதேசத்தின் பாசிகாட் போயிருந்தேன். அந்தப் போரில் அசாமிலிருந்து இமயமலையைத் தாண்டிச் சீனாவுக்குப் போன விமானப் பாதைக்கு ‘ஹம்ப்’ என்று பெயர். அதற்காக 2023-இல் அங்கே திறந்த ‘ஹம்ப்’ அருங்காட்சியகம் நன்றாகவே இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். அங்கே ஒரு அலுமினியத் தகடு, அப்பளம் மாதிரி நொறுங்கிப்போய், ரிவெட் வரிசை மட்டும் குலையாமல். அதன் முன்னால் நின்றபோதுதான் கோபம் வந்தது. விமானத்தின் தகரத்தை மலையிலிருந்து இறக்க முடிகிறது, அதில் வந்தவர்களை இறக்கத்தான் கோப்பு நகர வேண்டியிருக்கிறது.

‘ஹாட் ஆஸ் ஹெல்’ என்ற விமானத்தின் விவகாரம் உங்களுக்குத் தெரியாததல்ல. 1944 ஜனவரி 25, சீனாவின் குன்மிங்கிலிருந்து அசாமின் சபுவாவுக்குக் கிளம்பிய அமெரிக்க பி-24 குண்டுவீச்சு விமானம், 8 பேர், மேகத்துக்குள் போனது போனதுதான். 2006-இல் அருணாச்சலத்தின் தம்ரோ கிராமத்துக்கு மேலே அதைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அமெரிக்கக் குழு முறையாகத் தோண்ட 2015 ஆனது. 62 வருடம் மலை மறைத்தது சரி, அடுத்த ஒன்பது வருடத்தில் பெரும்பகுதியை மறைத்தது யார்?

2017-இல் அந்த 8 பேரில் ராபர்ட் ஆக்ஸ்ஃபோர்ட் ஒருவரை அடையாளம் கண்டு அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அவருடைய ஊரில் புதைத்தார்கள். பெற்றவர்கள் அதைப் பார்க்க இல்லை. மற்ற ஏழு வீடுகளும் அன்றைக்குத் தொலைபேசியைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருக்கும். கிடைப்பது ஒரு துண்டு எலும்புதான். அது யாருடையது என்று சொல்ல பெரும்பாலும் தாய்வழி மரபணு வேண்டும், அதாவது கூடப்பிறந்தவர்கள், அக்கா தங்கையின் பிள்ளைகள். அவர்களுக்கே இப்போது எத்தனை வயது இருக்கும், யோசித்துப் பாருங்கள். நீங்கள் கோப்பை ஒரு வருடம் தள்ளி வைத்தால் அங்கே ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஆள் குறைகிறார். இங்கே மண்ணும் சும்மா இருப்பதில்லை, ஒவ்வொரு மழைக்கும் சரிந்து எலும்பை இன்னும் கீழே புதைக்கிறது.

அந்தப் போரில் இந்தியாவில் காணாமல்போன அமெரிக்க விமானப்படையினர் சுமார் 400 பேர், பெரும்பாலும் இந்த வடகிழக்கு மலைகளில். எல்லைப் பகுதி, சீனா உரிமை கொண்டாடும் மாநிலம், புரிகிறது. ஆனால் 80 வருட எலும்பு எந்த ராணுவ ரகசியத்தைச் சொல்லிவிடப்போகிறது? சும்மா போட்டோ எடுக்கப் போன எனக்கு, வெளி மாநிலத்தார் அருணாச்சலத்துக்குள் நுழைய வேண்டிய இன்னர் லைன் பெர்மிட் ஆன்லைனிலேயே வந்துவிட்டது. எலும்பு தேடுகிறவர்கள்தான் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். அடுத்த முறை அவர்களையும் ரீல்ஸ் எடுக்க வருகிறோம் என்று எழுதித்தரச் சொல்லலாம் போல.

சரி, மரியாதையாகவே கேட்கிறேன். மழை விட்டு, பனி இறங்குவதற்குள் அந்த மலையில் வேலை செய்யக் கிடைப்பது சில வாரங்கள்தான். அந்தச் சில வாரங்களுக்கான அனுமதியைத் தேடல் குழுக்களுக்கு ஆண்டுதோறும் கொடுங்கள், மழை முடிவதற்கு முன்பே கொடுங்கள். உங்களிடம் கேட்பது கையெழுத்து மட்டும்தான். வழிகாட்டவும் சுமை தூக்கவும் மலையில் ஆள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
பாசிகாட் போய்வந்த ஒருவன்