சித்திக்கு வந்திருப்பது மறதி நோய்தானா?

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று போனில் நீ சொன்னது ராத்திரி முழுக்கக் காதிலேயே இருந்தது. "சித்திக்கு மறதி நோய் வந்துருச்சுக்கா. போன வாரம் வரைக்கும் பால் கணக்கு சரியாச் சொன்னவங்க, முந்தாநாள்ல இருந்து என்னையே யாருன்னு கேக்குறாங்க." உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். நீயும் சேர்த்துவிட்டாய். ஏன் அப்படி அவசரப்படுத்தினேன் என்று இப்போது சொல்கிறேன்.

முந்தாநாள் என்றாயே, அந்த வார்த்தைதான் என்னைப் பயமுறுத்தியது. டிமென்ஷியா என்கிற மறதி நோய் இரண்டு நாளில் வருவதில்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வரும். திடீரென்று வரும் குழப்பம் பெரும்பாலும் டெலிரியம். உடம்பில் வேறெங்கோ ஒரு கோளாறு, அதைத் தாங்க முடியாமல் மூளை தடுமாறுகிறது. காலையில் தெளிவாகப் பேசுவார்கள், பொழுது சாய்ந்தால் சுவரில் எறும்பு ஊர்கிறது என்பார்கள்.

அப்பாவுக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆனபோது நீ வெளியூரில் இருந்தாய். மூன்றாம் நாள், வார்டுக்குள் ஆடு மேயுது, விரட்டு என்றார். டிரிப்ஸைப் பிடுங்கினார். கையைக் கட்டச் சொன்னார்கள். துண்டால் கட்டியது நான்தான். கட்டினால் பயமும் குழப்பமும் இன்னும் கூடும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. கேட்டவர்களெல்லாம் "வயசாயிடுச்சும்மா" என்றார்கள். ராத்திரி டூட்டிக்கு வந்த ஒரு நர்ஸ்தான் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்து, யூரின் போய் எவ்வளவு நேரமாச்சு என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. டியூப் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. ரத்தத்தில் சோடியம் வேறு 121தான். 135க்குக் குறையக் கூடாது. பிரஷருக்கு அவர் சாப்பிட்ட மாத்திரை சிறுநீரோடு உப்பையும் வெளியேற்றுகிற வகை. அதை நிறுத்தி, உப்பை மெதுவாக ஏற்றினார்கள். ஒரு வாரத்தில், பேப்பர் எங்கே என்று கேட்டார்.

சித்திக்கு என்ன காரணமோ, டாக்டர்கள் தேடட்டும். யூரின் இன்ஃபெக்‌ஷன், நிமோனியா, தண்ணீர் குடிக்காதது, சர்க்கரை இறங்குவது, பல நாள் மலச்சிக்கல் என்று எதுவாகவும் இருக்கலாம். இந்த வயதில் காய்ச்சலே இல்லாமல்கூட இன்ஃபெக்‌ஷன் இருக்கும். இப்படிக் குழப்பத்தைக் கிளப்பிவிட, சளிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்குகிற மாத்திரையே போதும், தூக்க மாத்திரையும் அப்படித்தான். அதனால் வீட்டில் இருக்கும் மாத்திரை டப்பாவை அப்படியே தூக்கிக்கொண்டு போய்க் காட்டு.

கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார்கள், சித்தி வியாழனிலேயே நின்றுவிட்டார் என்றாய். ஞாபகத்தைவிட அவர்கள் பார்ப்பது கவனத்தைத்தான். அமெரிக்க முதியோர் மருத்துவர் ஷேரன் இனூயே டெலிரியத்தைக் கண்டுபிடிக்க 1990இல் வெளியிட்ட முறைதான் இன்றும் பல இடங்களில் அடிப்படை. குழப்பம் திடீரென்று தொடங்கி ஏறி இறங்குவது, கவனம் நிற்காதது, இரண்டும் இருக்க வேண்டும். அதோடு பேச்சு கோர்வையில்லாமல் போயிருக்க வேண்டும், அல்லது விழிப்பு நிலை மாறியிருக்க வேண்டும்.

"ஒரு தொந்தரவும் இல்லக்கா, சும்மா படுத்தே இருக்காங்க" என்றும் சொன்னாய். அதைக் கேட்டு நிம்மதி அடையாதே, தம்பி. ரகளை செய்கிறவர்களை எல்லோரும் கவனிப்பார்கள். இப்படிச் சத்தமில்லாமல் சுருண்டு படுக்கிறவர்களைத்தான் தவற விடுகிறார்கள். எழுப்பினால் உடனே விழிக்கிறாரா, சாப்பாட்டை வாயில் வைத்தபடியே தூங்கிவிடுகிறாரா என்று பார்த்து டாக்டரிடம் சொல்.

சித்திக்கு ஏற்கெனவே லேசாக மறதி நோய் தொடங்கியிருக்கவும் கூடும். அப்படிப்பட்டவர்களுக்கு டெலிரியம் இன்னும் சுலபமாக வரும். ஆனால் அதை இப்போது தீர்மானிக்க வேண்டாம். தெளிய சில வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். சிலர் முழுதாகப் பழையபடி ஆவதில்லை, அதையும் உன்னிடம் மறைக்க மாட்டேன். நன்றாகத் தேறிய பிறகு மறதியைச் சோதித்துப் பார்க்கலாம். முதியோர் இல்லப் பேச்சை அதுவரை எடுக்காதே.

சித்தியின் கண்ணாடியும் காது மெஷினும் அலமாரியில் இருக்கும், கொண்டு போ. ஒரு கடிகாரமும் எடுத்துக்கொள். பகலில் ஜன்னல் திறந்திருக்கட்டும், டாக்டர் சரியென்றால் கொஞ்சம் நடக்க வை. இல்லாததைப் பார்த்துப் பேசினால் சண்டை போடாதே. நான் இருக்கேன் சித்தி என்று கையைப் பிடித்துக்கொள், போதும். ராத்திரிக்கு நான் வந்துவிடுகிறேன், நீ போய்த் தூங்கு.

அக்கா