யோகட் தொழிலும் வங்கிக் கடனும்: மகளுக்கு எழுதியது

பொகவந்தலாவை

அன்பு மகளுக்கு,

"அரசாங்கம் புதிதாகத் தொழில் தொடங்குவோருக்குக் கடன் கொடுக்கிறதாம் அம்மா, வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து யோகட் செய்து விற்கட்டுமா?" என்று ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாய். தகரக் கூரையில் மழை கொட்டும்போது தொலைபேசியில் சொல்லிவிடக்கூடிய பதில் அதற்கு இல்லை. செவ்வாயன்று பிரதேச செயலகத்துக்கும் மறுநாள் ஹட்டனில் இரண்டு வங்கிகளுக்கும் போய் விசாரித்த பிறகே இதை எழுதுகிறேன்.

அரசாங்கக் கடன் என்று ஊரில் எல்லோரும் சொல்வதில் பெரும்பகுதி வங்கிக் கடன்தான். 2018 இல் என்டர்பிரைஸ் ஸ்ரீலங்கா என்று பெரிதாக அறிவித்தார்களே, அதிலும் வங்கி தன் பணத்தைக் கடனாகக் கொடுத்தது, வட்டியில் ஒரு பங்கை அரசாங்கத்தின் திறைசேரி வங்கிக்குச் செலுத்தியது. வேறு சில திட்டங்களில் ஆசிய அபிவிருத்தி வங்கி போன்ற இடங்களிலிருந்து அரசாங்கம் குறைந்த வட்டிக்கு வாங்கும் பணம், இங்குள்ள வங்கிகளின் வழியாக நம்மைப் போன்றவர்களுக்கு வந்து சேர்கிறது. எந்த வழியாக வந்தாலும் உன் விண்ணப்பத்தைப் பார்த்து ஆம், இல்லை என்று முடிவு செய்பவர் வங்கி முகாமையாளரே. கடன் திரும்பி வராவிட்டால் தலைமைக் காரியாலயத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே என்பதால், பத்திரிகையில் அமைச்சர் சொன்னதைக் காட்டி அவரிடம் வாதாடிப் பயனில்லை.

அவர் முதலில் கேட்பது பிணை. மலையகத்தில் நம் கால் தடுக்குவதும் அங்கேதான். தோட்டங்களை 1992 இல் கம்பனிகளிடம் ஒப்படைத்தபோதும் நிலம் அரசுடையதாகவே இருந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரே லயன் வீட்டில் வாழ்ந்த குடும்பத்துக்கும் வங்கியில் வைக்க ஓர் உறுதி, அதாவது காணிப் பத்திரம், கிடையாது. 7 பேர்ச் காணியில் நாம் கட்டிய வீட்டின் உறுதி இன்னும் கைக்கு வரவில்லை என்பது உனக்கே தெரியும். உறுதி இல்லாவிட்டால் இரண்டு அரசாங்க உத்தியோகத்தர்களைப் பிணையாளர்களாகக் கொண்டு வரச் சொல்வார்கள். தோட்டப்புறத்தில் அப்படிக் கிடைப்பவர்கள் ஆசிரியர்கள்தாம். ஆகையால் நான் படிப்பித்த பாடசாலையின் ஆசிரியர் ஓய்வறையில் கடன் படிவத்தோடு யாராவது வந்து நிற்காத மாதம் இருந்ததில்லை.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. நீ ஆறாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, என்னோடு படிப்பித்த ஒருவரின் தம்பி வேன் வாங்குவதற்குப் பிணைக் கையொப்பம் வைத்தேன். பத்து மாதத்தில் தவணை நின்றது. அதன்பின் மூன்றரை ஆண்டுகள் என் சம்பளத்திலிருந்து அந்த வேனுக்கான பணம் கழிந்தது. அந்த வேனில் ஒருநாள்கூட நான் ஏறியதில்லை. உன் அப்பா தொழிற்சாலையில் இரவு முறை கேட்டு வாங்கிக்கொண்டது அதனால்தான். படிவத்தை நீட்டிய வங்கி உத்தியோகத்தர் கையொப்பமிட வேண்டிய இடத்தைக் காட்டினார், அதன் பொருளைச் சொல்லவில்லை. கணக்குப் படிப்பித்த நானும் கேட்கவில்லை.

உறுதியும் பிணையாளரும் இல்லாதவர்களுக்காகவே இப்போது தேசிய கடன் உத்தரவாத நிறுவனம் என்று ஒன்று வந்திருக்கிறது. அரசாங்கமும் வங்கிகளும் பங்குதாரர்களாக இருக்கும் இந்த நிறுவனம், ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு அமைக்கப்பட்டது. சிறு தொழிலுக்குக் கொடுத்த கடன் திரும்பாமல் போனால் வங்கிக்கு ஏற்படும் நட்டத்தில் ஒரு பகுதியை இது ஏற்றுக்கொள்கிறது. அதற்கு ஒரு கட்டணமும் உண்டு. நமக்கு நல்ல செய்திதான். ஆயினும், அரசாங்கமே உத்தரவாதம் கொடுக்கிறது என்று நீ சொன்னபோது உன் குரலில் இருந்த நிம்மதிதான் என்னைத் தூங்கவிடவில்லை. உத்தரவாதம் வங்கிக்கு, மகளே. தொழில் சரிந்தால் வங்கிக்கு அந்தப் பகுதி கிடைக்கும், உன் கடன் உன் பெயரிலேயே நிற்கும், அறவிடுவதையும் வங்கி நிறுத்தாது. நான் அன்று செய்ததை ஒரு நிறுவனம் ஒழுங்காகக் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்கிறது என்று நினைத்துக்கொள்.

வட்டியைப் பற்றி நீ நிறையப் பேசினாய். தொகையைப் பற்றிப் பேசவேயில்லை. 5 இலட்சம் ரூபாவை 5 ஆண்டுகளில் அடைப்பதாக வைத்துக் கணக்குப் போட்டேன். குறைந்து செல்லும் மீதிக்கு 14 வீத வட்டியென்றால் மாதத் தவணை ஏறத்தாழ 11,634 ரூபா. சலுகை வட்டி 8 வீதமென்றால் 10,138 ரூபா. வட்டியே இல்லை என்றாலும் மாதம் 8,333 ரூபா கட்டியாக வேண்டும். ஒரு யோகட் கோப்பையில் எல்லாச் செலவும் போக 10 ரூபா மிஞ்சுகிறது என்று எடுத்துக்கொண்டால், தவணைக்காக மட்டும் நாளொன்றுக்கு முதல் கணக்கில் 39, இரண்டாவதில் 34, மூன்றாவதில் 28 கோப்பைகள் விற்க வேண்டும். இந்த 34 க்கும் 39 க்கும் இடையிலான ஐந்து கோப்பைகளுக்காகச் சலுகை வட்டி தேடி ஓராண்டு அலையலாமா என்பதை நீயே யோசி. எனக்குப் பெரிதாகத் தெரிவது, விற்பனையே இல்லாத நாளில் அந்த 28 எங்கிருந்து வரும் என்பது.

வட்டி எந்த முறையில் கணிக்கப்படுகிறது என்பதை மட்டும் கேட்காமல் வந்துவிடாதே. அதே 14 வீதத்தை முழுத் தொகைக்கும் ஐந்தாண்டும் மாறாமல் கணித்தால் தவணை 14,167 ரூபாவாகிவிடும். உண்மையான வட்டி ஆண்டுக்கு 23 வீதத்தைத் தாண்டுகிறது. சலுகை வட்டி கடைசித் தவணை வரைக்குமா, முதல் சில ஆண்டுகளுக்கு மட்டுமா என்பதையும் எழுத்தில் வாங்கு. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில், எல்லா வங்கிகளின் வட்டிக்கும் அடிப்படையான தன் கொள்கை வட்டியை 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியபோது, மாறும் வட்டியில் கடன் எடுத்திருந்த கடைக்காரர்கள் பட்ட பாட்டை நாம் இந்தக் கடைத்தெருவிலேயே பார்த்தோம்.

திட்டங்களின் பெயர்களை நம்பி வேலையை விடாதே. கொரோனா காலத்தில் 4 வீத வட்டிக்குக் கொடுத்த சௌபாக்யா கடன் அந்தக் காலத்தோடு முடிந்தது. 2006 இல் சிறு தொழில்களுக்கென்று தொடங்கிய லங்காபுத்ர வங்கி பின்னர் பிரதேச அபிவிருத்தி வங்கியோடு இணைந்தது. அந்தப் பிரதேச அபிவிருத்தி வங்கியே கந்துரட்ட, ஊவா உள்ளிட்ட மாகாண அபிவிருத்தி வங்கிகளை 2010 இல் ஒன்றாக்கியதுதான். இன்று எந்தத் திட்டத்துக்கு விண்ணப்பம் எடுக்கிறார்கள், அதில் இன்னும் பணம் மிச்சம் இருக்கிறதா என்ற இரண்டையும் வங்கியிலேயே கேட்க வேண்டும். ஒரு கிளையில் இல்லை என்றதற்கு அடுத்த வங்கியில் விண்ணப்பப் படிவமே கையில் கொடுத்தார்கள்.

உன் திட்டத்தில் நான் கண்ட பெரிய ஓட்டை வேறு. குளிரூட்டிக்கும் பால் காய்ச்சும் பாத்திரத்துக்கும் கடன் கேட்கிறாய். அதை வங்கி விலைமனுவைப் பார்த்து விற்பவருக்கே நேரடியாகச் செலுத்திவிடும். பால்காரருக்கு யார் கொடுப்பது? அவருக்குக் காசு கைமேல் வேண்டும், கடைக்காரர் இரண்டு கிழமைக் கடனுக்குத்தான் எடுப்பார், திகதி கடந்த கோப்பைகளைத் திருப்பியும் தருவார். இந்த இடைவெளியை அடைக்கத்தான் நம் பெண்கள் வாரக் கடன்காரரிடம் போய் மாட்டிக்கொள்கிறார்கள். ஆகவே தொழிற்படு மூலதனத்தை, அதாவது தொழிலை அன்றாடம் நடத்தக் கையில் வேண்டிய பணத்தை, தனியாகக் கணித்து, அதையும் விண்ணப்பத்தில் சேர்.

தீபாவளிக்கு வந்தபோது நீ உறைய வைத்த யோகட் நினைவிருக்கிறதா? இந்தக் குளிரில் பால் யோகட்டாக உறையாது என்று அப்பாவின் பழைய கம்பளியைச் சுற்றி அடுப்பங்கரையில் வைத்தோம். காலையில் ஓரத்திலிருந்த நான்கு கோப்பைகள் தண்ணீராகவே கிடந்தன. நாற்பது பாகைக்குச் சற்று மேல் சில மணி நேரம் மாறாத சூடு வேண்டும் என்று நீதான் சொன்னாய். அந்தச் சூட்டுப் பெட்டி உன் பட்டியலில் இல்லை.

வேலையை இப்போதைக்கு விடாதே. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்துகொள், கிராம உத்தியோகத்தரிடம் நான் பேசுகிறேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பின்கட்டு அறையைப் பார்த்துவிட்டுத் தரையும் சுவரும் எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னால், அதை முதலில் முடிக்கலாம். வாரக் கடைசிகளில் ஐம்பது கோப்பை செய்து பக்கத்துக் கடைகளுக்குக் கொடு. வரும் காசு ஒவ்வொன்றையும் தொழிலுக்கென்று திறக்கும் கணக்கில் போடு. ஆறு மாதக் கணக்கு அறிக்கையோடு போகும்போது முகாமையாளரின் பேச்சே வேறாக இருக்கும். யார் கடனை எப்படிக் கட்டினார்கள் என்று பதிவு வைத்திருக்கும் கடன் தகவல் பணியகத்திலிருந்து உன்னுடைய அறிக்கையையும் எடு. அது கறுப்புப் பட்டியல் என்று பலர் பயப்படுகிறார்கள். ஒழுங்காகக் கட்டியதும் அதில்தான் பதிவாகிறது. அந்தத் தொலைபேசித் தவணையில் இரண்டு மாதம் பிந்தினாயே, அது எப்படித் தெரிகிறது என்று பார்.

நான் ஓய்வுபெற்றவள் என்பதால் என் பிணைக் கையொப்பம் இனிச் செல்லாது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். உன் அப்பா அதைக் கேட்டுச் சிரித்தார். அவருடைய சேமலாப நிதியில் வீட்டு வேலை போக மிஞ்சியிருப்பதை உன் சொந்தப் பங்காக வைக்கச் சம்மதிக்கிறார், ஆனால் இலாபத்தில் நாலில் ஒன்று தமக்கு வேண்டும் என்கிறார். சூட்டுப் பெட்டிக்கான விலைமனுவோடு அடுத்த மாதம் போயா விடுமுறைக்கு வா, அவரோடு நீயே பேசிக்கொள்.

அன்புடன்,
அம்மா