கொண்டு வந்தவரே பொறுப்பு

அன்புள்ள கதிரேசா,

உன் கடிதம் கிடைத்தது. இனி மாடிப்படி ஏறலாம் என்று இதய மருத்துவர் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இங்கே பாக்கியத்துக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்தை மட்டும் இன்னும் சில வாரம் விடாமல் போட வேண்டுமாம். நான் ஆய்வகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் பழைய சகாக்கள் சந்தேகம் கேட்டு அழைக்கிறார்கள். அந்தத் தொடர்பு அறுந்து போகாதது மனதுக்குத் தெம்பாக இருக்கிறது.

நம் கயல் சொந்தத் தொழில் தொடங்குகிறாள் என்பதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய மகிழ்ச்சி. சீனாவிலிருந்து குழந்தைகளுக்கான விளக்குகளும் பொம்மைகளும் தருவித்து, அங்கே ஐரோப்பாவில் இணையம் வழியாக விற்கப்போகிறாள் என்று எழுதியிருக்கிறாய். கூடவே, “ஏதாவது கோளாறு என்றால் தயாரித்த ஆலைதானே பொறுப்பு, இவளுக்கு என்ன வந்தது?” என்று போகிற போக்கில் ஒரு வரி. அந்த வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். அவள்தான் பொறுப்பு, கதிரேசா. சட்டப்படியும் அவள்தான், நியாயப்படியும் அவள்தான்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் இது 1985ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டுவிட்டது. குறையுள்ள பொருளால் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால், அதை வெளியிலிருந்து ஐரோப்பாவுக்குள் கொண்டு வந்தவரும் தயாரித்தவராகவே கருதப்படுவார். அவர் அசட்டையாக இருந்தார் என்று பாதிக்கப்பட்டவர் நிரூபிக்க வேண்டியதில்லை. பொருளில் குறை இருந்தது, அந்தக் குறையால் காயம் பட்டது, இந்த இரண்டையும் காட்டினால் போதும். கயல் தன் சொந்தப் பெயரை முத்திரையாகப் பொறித்து விற்றால் இன்னும் ஒரு படி மேலே: சட்டத்தின் பார்வையில் அவளே உற்பத்தியாளர்.

இது அநியாயமாக இருக்கிறதே என்று உனக்குத் தோன்றலாம். எங்கோ ஒருவர் செய்த தப்புக்கு இங்கே இருப்பவரைப் பிடிப்பதா? அமெரிக்காவில் நடந்த சுவர்ப்பலகை விவகாரத்தைக் கேட்டால் காரணம் புரியும். 2005இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸைச் சூறையாடிய பிறகு வீடுகளின் உட்சுவருக்குப் பொருத்தும் ஜிப்சம் பலகை போதிய அளவு கிடைக்கவில்லை. சீனாவிலிருந்து கப்பல் கப்பலாக இறக்கினார்கள். புது வீட்டில் குடியேறியவர்களுக்குக் கொஞ்ச நாளில் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. ஏ.சி.யின் செம்புக் குழாய்கள் கரியாகக் கறுத்தன, மின்கம்பிகள் அரித்துப்போயின. பலகையிலிருந்து கந்தக வாயு கசிந்துகொண்டிருந்தது. 2009இல் கூட்டாட்சி நீதிமன்றங்களில் இருந்த வழக்குகள் ஒரே நீதிமன்றத்தின் கீழ் வந்தன. க்னாஃப் என்ற ஜெர்மானியக் குழுமத்தின் தியான்ஜின் ஆலையில் செய்த பலகைகளுக்கு 2011இலேயே சமரசம் வந்தது. தைஷான் ஜிப்சம் என்ற சீன நிறுவனமோ முதலில் நீதிமன்றத்துக்கே வரவில்லை. நீதிமன்ற அவமதிப்புக் குற்றத்துக்கு ஆளாகி, மேல்முறையீட்டிலும் தோற்று, 24.8 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டபோது ஆண்டு 2019. வீட்டுக்காரர்கள் பத்து ஆண்டு காத்திருந்தார்கள். பலகை இரண்டு தரப்புக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒருவர் நீதிமன்றத்தின் கைக்கு எட்டினார், மற்றவர் எட்டவில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் ஒருவர் பொறுப்பாளியாக நிற்க வேண்டும் என்று சட்டம் கேட்பது இதனால்தான்.

சரி, சட்டம் அப்படி. தப்பு முழுவதும் சீனாவில்தானே நடக்கிறது என்று அடுத்துக் கேட்பாய். 2007இல் உலகமே அப்படித்தான் பேசியது. அந்த ஆகஸ்டில் அமெரிக்கப் பொம்மை நிறுவனமான மேட்டல், சீனாவில் செய்த பொம்மைகளைத் திரும்பப் பெற்றது நினைவிருக்கிறதா? முதல் அறிவிப்பு ஈயம் கலந்த பெயின்ட் பற்றியது, சுமார் 15 லட்சம் பொம்மைகள். மேட்டலுக்குப் பதினைந்து ஆண்டுகளாகப் பொம்மை செய்து கொடுத்த லீ டெர் என்ற ஆலை, அனுமதி பெறாத ஒருவரிடமிருந்து வாங்கிய பெயின்டைப் பயன்படுத்தியிருந்தது. அதில் ஈயம். ஆலையின் முதலாளி சாங் ஷுஹோங் சில நாட்களில் தற்கொலை செய்துகொண்டார். இது சீன ஆலையின் குற்றம், சந்தேகமே இல்லை.

ஆனால் அதே மாதம் வந்த இரண்டாவது அறிவிப்புதான் மிகப் பெரியது. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 82 லட்சம் பொம்மைகள், காரணம் சின்னச் சின்னக் காந்தங்கள். பொம்மையிலிருந்து கழன்று விழும் காந்தங்களில் இரண்டைக் குழந்தை விழுங்கினால், குடலின் வெவ்வேறு மடிப்புகளில் இருந்தபடியே அவை ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். நடுவில் சிக்கிய குடல்சுவர் நசுங்கி ஓட்டையாகிவிடும். அந்தக் காந்தத்தை அப்படிப் பதிக்கச் சொன்னது மேட்டலின் சொந்த வரைபடம். சீனத் தொழிலாளி வரைபடத்தில் இருந்ததைச் செய்தார், அவ்வளவே. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? செப்டம்பரில் மேட்டலின் துணைத் தலைவர் ஒருவர் பெய்ஜிங்குக்கே போய், திரும்பப் பெற்றவற்றில் பெரும்பகுதி தங்கள் வடிவமைப்புக் குறையால்தான் என்று சீன அதிகாரியிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பு செய்தித்தாள்களில் ஒரு நாள் வந்து மறைந்தது. ‘சீனப் பொம்மை விஷம்’ என்ற பேச்சு மட்டும் நிலைத்துவிட்டது.

நீ அனுப்பிய மாதிரி விளக்கைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதே வடிவமைப்புக் கேள்விதான் அதிலும் இருக்கிறது. முயல் வடிவம் அழகு, வெளிச்சம் கண்ணைக் கூசவில்லை, பிளாஸ்டிக்கில் கூர்மையான விளிம்பு எங்கும் இல்லை. பிறகு திருப்பிப் பார்த்தேன். பேட்டரி மூடிக்குத் திருகு கிடையாது. கட்டைவிரல் நகத்தால் நெம்பியதும் திறந்துகொண்டது. உள்ளே பொத்தான் போன்ற இரண்டு லித்தியம் பேட்டரிகள், 20 மில்லிமீட்டர் அளவு. அந்த அளவுதான் சிறு குழந்தையின் உணவுக்குழாயில் சரியாகச் சிக்கிக்கொள்ளும். எச்சில் பட்டதும் மின்னோட்டம் பாயும், அதனால் தசையை அரிக்கும் காரப்பொருள் உண்டாகும், இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடும். அமெரிக்கா 2022இல் இதற்கென்றே தனிச் சட்டம் கொண்டு வந்தது. அதன் கீழ் வந்த விதிப்படி, இத்தகைய பேட்டரி உள்ள மூடியைத் திறக்க ஒரு கருவி வேண்டும், அல்லது ஒரே நேரத்தில் இரண்டு தனித்தனி அசைவுகள் வேண்டும். ஒரு திருகு என்ன விலை இருக்கும்? அந்தத் திருகை ஆலை வைக்கவில்லை என்றால், வைக்கச் சொல்ல வேண்டியவள் கயல். வைக்க மறுத்தால் வேறு ஆலையைத் தேட வேண்டும். இந்த விளக்கை இப்படியே விற்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

‘சி.இ. முத்திரை இருக்கிறது, கவலை வேண்டாம்’ என்று ஆலை சொன்னதாக எழுதியிருக்கிறாய். ஐரோப்பாவில் விற்கும் பொம்மையின் மேல் இருக்க வேண்டிய ‘CE’ என்ற அந்த எழுத்துகளை அரசு கொடுப்பதில்லை. ‘விதிகளுக்கு உட்பட்டே செய்திருக்கிறேன்’ என்று உற்பத்தியாளர் தானே கொடுத்துக்கொள்ளும் வாக்குமூலம்தான் அது. அதன் பின்னால் சோதனை அறிக்கை இருக்க வேண்டும். அறிக்கையிலும் எந்த மாடல், எந்தத் தேதி, எந்தச் சோதனை என்று பார்க்க வேண்டும். வேறொரு பொம்மையின் அறிக்கையை இதற்குக் காட்டும் வழக்கத்தை ஆய்வகத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

சோதனையை நம்புவதிலும் ஒரு எல்லை உண்டு. பாலில் புரதம் எவ்வளவு என்று அறிய, வழக்கமான முறையில் நைட்ரஜனைத்தான் அளப்பார்கள். நைட்ரஜன் கூடுதலாக இருந்தால் புரதம் கூடுதல் என்று கணக்கு. தண்ணீர் கலந்த பாலில் மெலமைன் என்ற வேதிப்பொருளைப் போட்டால் நைட்ரஜன் ஏறும், பால் தேர்வில் தேறிவிடும். 2007இல் வட அமெரிக்காவில் நாய், பூனை உணவில் இதே மெலமைன் பிடிபட்டது. அடுத்த ஆண்டு சீனாவிலேயே குழந்தைகளுக்கான பால்மாவில். ஆறு குழந்தைகள் இறந்தார்கள், ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். பெரிய அடி விழுந்தது சீனத் தாய்மார்களின் மடியில். ‘சீனாக்காரன் நமக்கு விஷம் அனுப்புகிறான்’ என்று யாராவது பேசினால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. தேடாத ஒன்றைச் சோதனை கண்டுபிடிக்காது. ஆலையோடு நேரடித் தொடர்பு வைத்து, மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது, நடுவில் மாற்றினார்களா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறவருக்குத்தான் ஆபத்து முன்கூட்டித் தெரியும். அப்படிக் கேட்கும் இடத்தில் இருப்பவர் இறக்குமதியாளர்தான்.

அரசுக்குப் பொறுப்பு இல்லையா? உண்டு. ஆனால் 2007இல் அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தில் மொத்தமே சுமார் 400 பேர்தான் இருந்தார்கள். துறைமுகத்தில் எத்தனை கன்டெய்னரை அவர்களால் திறக்க முடியும்? பொம்மைகள் பற்றிய அந்தப் பரபரப்புக்குப் பிறகு 2008இல் அங்கே வந்த சட்டம் பெயின்டில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 600 பங்கிலிருந்து 90ஆகக் குறைத்தது, வெளி ஆய்வகச் சோதனையைக் கட்டாயமாக்கியது. வெளிநாட்டில் செய்த பொருளுக்குப் பாதுகாப்புச் சான்றிதழில் கையெழுத்திட வேண்டியவர் இறக்குமதியாளர் என்றும் ஆனது.

மலிவு தேடி அலையும் வாடிக்கையாளர்தான் குற்றவாளி என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. ஈயம் கலந்த மஞ்சள் பெயின்டும் கலக்காத மஞ்சள் பெயின்டும் ஆய்வக மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். எக்ஸ் கதிர்க் கருவியை வைத்துப் பார்த்துத்தான் நாங்களே சொல்வோம். கடையில் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் தாய் எப்படிச் சொல்வாள்?

இப்போது என்னை உண்மையில் பயமுறுத்துவது வேறு. இறக்குமதியாளர் என்ற ஆளே நடுவிலிருந்து காணாமல் போகிறார். ஆலையிலிருந்து பொட்டலம் நேராக வீட்டுக்கு வருகிறது. 2024இல் மட்டும் 150 யூரோவுக்குக் குறைந்த மதிப்புள்ள 460 கோடிப் பொருட்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வந்தன, பெரும்பகுதி சீனாவிலிருந்து. விபத்து நடந்தால் யாரைக் கேட்பது? விற்ற கணக்கு இணையத்திலிருந்து அழிந்திருக்கும். விற்பனையை நடத்தும் இணையதளமோ ‘நாங்கள் இடம் கொடுத்தோம், பொட்டலம் அனுப்பினோம்’ என்று ஒதுங்கும். அமேசான் அமெரிக்காவில் இதைத்தான் வாதாடியது. நச்சுவாயு கசிந்தாலும் ஒலிக்காத எச்சரிக்கைக் கருவிகள், தண்ணீரில் விழுந்தால் மின்சாரம் பாயாமல் தடுக்கும் பாதுகாப்பு இல்லாத முடி உலர்த்திகள், எளிதில் தீப்பற்றும் குழந்தை உடைகள் என 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள். அவற்றைத் தன் கிடங்கில் வைத்து அனுப்பிய அமேசான் வெறும் போக்குவரத்து நிறுவனம் அல்ல, விநியோகஸ்தர்தான் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூலையில் தீர்மானித்தது. அமேசான் 2025இல் அதை எதிர்த்து வழக்குப் போட்டது. தளங்கள் தப்பிக்கக் கூடாது என்பதே என் கட்சி. லாபத்தில் பங்கு எடுப்பவர் ஆபத்திலும் பங்கு எடுக்க வேண்டும்.

ஐரோப்பாவில் 2024 டிசம்பர் 13 முதல் புதிய பொதுப் பொருள் பாதுகாப்பு விதி நடப்பில் இருக்கிறது. ஒன்றியத்துக்குள் பொறுப்பேற்க ஓர் ஆள் இல்லாமல் இத்தகைய பொருளை விற்க முடியாது. அவருடைய பெயரும் முகவரியும் இணைய விளம்பரத்திலேயே தெரிய வேண்டும். கயலின் பெயர் அங்கே இருக்கும். ஆவணங்களைப் பத்து ஆண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டியவளும் அவளே.

அவளைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. அவள் கணக்கிலும் பேச்சிலும் கெட்டி, இதையும் கற்றுக்கொள்வாள். முதலில் ஒரே ஒரு பொருளோடு தொடங்கட்டும். மொத்தமாகச் செய்வதற்கு முன் ஒப்புக்கொண்ட மாதிரியை முத்திரையிட்டுத் தன்னிடம் ஒன்று வைத்துக்கொள்ளட்டும். கப்பலில் ஏற்றும் முன் தயாரான சரக்கிலிருந்தே எடுத்துச் சோதிக்கச் சொல்லட்டும், ஆலை பொறுக்கித் தரும் மாதிரியை அல்ல. பொறுப்புக் காப்பீடும் எடுக்கட்டும். ஒவ்வொரு தொகுதிக்கும் எண் இட்டு, யாருக்கு விற்றது என்று குறித்து வைத்தால், ஏதாவது நேர்ந்தால் அன்றே எல்லோருக்கும் தகவல் சொல்லித் திரும்பப் பெற முடியும். இதனால் விலை கொஞ்சம் கூடும். கூடட்டும்.

முயல் விளக்கை என்னிடமே வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலை கயலை என்னோடு பேசச் சொல், ஆலையின் சோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு. பக்கம் பக்கமாகச் சேர்ந்தே பார்த்துவிடலாம். உன் உடம்பைக் கவனித்துக்கொள். தங்கைக்கு எங்கள் அன்பைச் சொல்.

அன்புடன்,
முத்து