அப்பாவுக்கு ஏன் ஸ்டென்ட் வைக்கவில்லை என்று கேட்டாய்

மதுரை,
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பி கதிருக்கு,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கோபம் இல்லை. இதய ரத்தக்குழாயில் எண்பது சதவீதம் அடைப்பு, அதைத் திறந்து வைக்கிற கம்பிவலைக் குழலான ஸ்டென்டும் வைக்கவில்லை என்று கேட்டால் யாருக்கும் அடிவயிறு கலங்கத்தான் செய்யும். "இருபத்தஞ்சு வருஷம் கேத் லேப்ல நின்ன ஆளு நீ. சொந்த வீட்டு மனுஷனுக்கு மட்டும் மாத்திரை போதும்னு எப்படிம்மா கூட்டிட்டு வந்த?" என்றாய். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நியூஸ் பார்க்கிற பாவனையில் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். அதனால்தான் அப்போது வாயைத் திறக்கவில்லை. இப்போது அவர் நடக்கப் போயிருக்கிறார். வர முக்கால் மணி நேரம் ஆகும்.

முதலில், அப்பாவுக்கு ஆஞ்சியோ செய்த அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். இதய ரத்தக்குழாய்க்குள் டை என்கிற சாயத்தை விட்டு எக்ஸ்ரே படம் எடுப்பதுதான் ஆஞ்சியோ, அது நடக்கிற அறை கேத் லேப். கேத் லேப் கதவுக்கு வெளியே நான் உட்கார்ந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. உள்ளே என்னென்ன சத்தம் வரும், எந்த நேரத்தில் டாக்டர் படத்தை நிறுத்திப் பார்ப்பார் எல்லாம் தெரியும். தெரிந்தும், பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிஷம் கூட ஆகவில்லை, அப்பா வந்துவிட்டார். வலது மணிக்கட்டில் காற்றடைத்த பட்டை, முகத்தில் அசட்டுச் சிரிப்பு. "டை போட்டப்ப உடம்பெல்லாம் சுடுதண்ணி ஊத்தின மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதான்" என்றார். மறுநாள் மணிக்கட்டில் நாவல்பழ நிறத்தில் ஒரு திட்டு. அது ஒரு வாரத்தில் மஞ்சளாகிப் போய்விட்டது.

கையில் செய்ததைப் பற்றிப் பயந்தாயே, அந்த வழியைக் காட்டியதே உன் ஊர்க்காரர்தான். 1989ல் மாண்ட்ரியலில் லூசியன் காம்போ என்ற டாக்டர், மணிக்கட்டு வழியாக நூறு பேருக்கு ஆஞ்சியோ செய்து எழுதினார். மூன்று வருஷம் கழித்து ஆம்ஸ்டர்டாமில் அதே வழியாகப் பலூனைச் செலுத்தி, அதை ஊதி அடைப்பைத் திறந்தார்கள். எங்களுக்கு அது வந்து சேர வெகுகாலம் ஆனது. நான் 1993ல் சேர்ந்தபோது எல்லாமே தொடை வழிதான். குழாயை எடுத்த பிறகு அந்த இடத்தை இருபது நிமிஷம் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும். என் கட்டைவிரல் மூட்டு இன்றைக்கும் வலிப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். அப்புறம் மணல் மூட்டை. ஆறு மணி நேரம் காலை மடக்கக் கூடாது.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வாத்தியார், நல்ல உயரம். தொடை வழியாக ஸ்டென்ட் வைத்து வார்டுக்கு வந்தார். "சிஸ்டர், இடுப்பு வலிக்குது" என்றார். மல்லாந்து படுத்தால் எல்லோருக்கும் இடுப்பு வலிக்கும், அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். அரைமணி கழித்து பிரஷர் பார்த்தால் 130 இருந்தது 85க்கு இறங்கியிருந்தது. தொடையில் கட்டு சுத்தமாக இருந்தது, சொட்டு ரத்தம் இல்லை. ரத்தம் முழுக்க உள்ளே, வயிற்றுக்குப் பின்பக்கம் இறங்கியிருந்தது. நாலு பாட்டில் ரத்தம் ஏற்றி, ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தார்கள். அதற்குப் பிறகு இடுப்பு வலி என்று யார் சொன்னாலும் முதலில் நாடியில் கை வைப்பேன். மணிக்கட்டு வழியில் இந்த மாதிரி ரத்தக்கசிவு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஹார்ட் அட்டாக்கோடு வருபவர்களில் இறப்பும் குறைகிறது என்று பெரிய ஆய்வுகள் காட்டிய பிறகு, பழைய டாக்டர்களும் ஒவ்வொருவராகக் கைக்கு மாறினார்கள்.

"செத்துப் போறவங்க எத்தனை பேர்?" என்று நேராகவே கேட்டாய், நானும் நேராகச் சொல்கிறேன். வெறும் ஆஞ்சியோவில் உயிருக்கு ஆபத்து ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு. நாள் குறித்து நிதானமாக வைக்கிற ஸ்டென்டில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஹார்ட் அட்டாக் வந்து, பிரஷர் விழுந்து, அதிர்ச்சி நிலையில் தூக்கிக்கொண்டு வருபவர்களில் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் கிட்டத்தட்ட பாதிப்பேரைக் காப்பாற்ற முடிவதில்லை. ஒரே மேசை, அதே குழாய், அதே கைகள். எந்த நிலையில் வருகிறார் என்பதுதான் கணக்கை மாற்றுகிறது. வயது, சர்க்கரை, கிட்னி எல்லாம் அதில் சேரும். அந்த டை கிட்னி வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதனால்தான் அப்பாவுக்கு முதல் நாளே கிட்னியின் நிலையைக் காட்டுகிற கிரியேட்டினின் டெஸ்ட் பார்க்கச் சொன்னேன். 1.0 இருந்தது, சரியான அளவுதான். முடிந்த பிறகு தண்ணீர் குடி, குடி என்று நச்சரித்தேன். பாத்ரூமுக்கு நடந்தே ஓய்ந்துபோனார்.

இந்த வேலை எங்கிருந்து எங்கே வந்திருக்கிறது என்பதை நீ பார்த்ததில்லை. 1929ல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர் தன் கையின் ரத்தநாளம் வழியாகத் தன் இதயத்துக்கே குழாயைச் செலுத்திக்கொண்டார். மேலதிகாரி கூடாது என்று சொல்லியிருந்தார். கருவிப் பெட்டியின் சாவி கெர்டா டிட்ஸன் என்ற நர்ஸிடம் இருந்தது. அந்தப் பெண், "எனக்கே செய்யுங்கள்" என்று படுத்தாள். அவளை மேசையில் கட்டிப்போட்டுவிட்டு அவர் தன் கையில் செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போனார். 1956ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சாவியை வைத்திருந்தவளைப் பற்றி எவர் பேசுகிறார், சொல்! சரி, அது என் குறை.

பலூனைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரியாஸ் கிரூன்ட்ஸிக். வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து அதைச் செய்து பார்த்தவர். 1977 செப்டம்பர் 16 அன்று சூரிக்கில் 38 வயதுக்காரர் ஒருவருக்கு இதய ரத்தக்குழாயில் வைத்து ஊதினார். அந்த ஆரம்ப நாட்களில் நூற்றில் ஐந்தாறு பேரை அவசரமாக பைபாஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. நான் சேர்ந்தபோதும் எங்களிடம் பலூன்தான். ஊதும்போது நோயாளி "நெஞ்சு அடைக்குது" என்பார், திரையில் ஈசிஜி கோடு மேலே எழும்பும், அரை நிமிஷத்தில் பலூனைச் சுருக்கிவிடுவோம். ஆறு மாதத்துக்குள் மூன்றில் ஒருவருக்கு அதே இடம் மறுபடி சுருங்கிவிடும். அதே முகங்கள் திரும்பி வரும். ஸ்டென்ட் வந்தது, அது குறைந்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தது, இன்னும் குறைந்தது. இப்போது அவசர பைபாஸ் என்பது நூற்றில் ஒன்றுகூட இல்லை. ஆகவே "பயந்துபோய் வேண்டாம்னுட்டியா" என்று கேட்டாயே, இல்லை. செய்வதில் எனக்குப் பயமே இல்லை.

அப்பாவுக்கு எதற்காக என்பதுதான் என் கேள்வியாக இருந்தது.

முடிந்த பிறகு படத்தைத் திரையில் நானே பார்த்தேன். வலது ரத்தக்குழாயின் நடுப்பகுதியில் அடைப்பு. இடதுபக்கத்தின் பெரிய அடித்தண்டு சுத்தம். முன்பக்கம் இறங்கும் குழாயில் சின்னச் சின்னப் படிவுகள்தான். இதயம் அறுபது சதவீதம் பம்ப் செய்கிறது, அது நல்ல அளவுதான். வலி வேகமாக நடந்தால் மட்டும் வருகிறது, நின்றால் இரண்டு நிமிஷத்தில் போகிறது. நாலு மாதமாக அப்படியேதான் இருக்கிறது, கூடவில்லை. டாக்டர் இரண்டு வழியும் சொன்னார். இன்றைக்கே வைத்துவிடலாம், அல்லது மாத்திரையை முழு அளவுக்குக் கொண்டுபோய் மூன்று மாதம் பார்க்கலாம். எங்கள் காலத்தில் இந்தக் கேள்வியே எழாது. அடைப்பைப் பார்த்தால் கை துறுதுறுக்கும், மேசையில் படுத்திருக்கும்போதே வைத்துவிடுவோம். நல்லெண்ணத்தில்தான் செய்தோம்.

அப்புறம்தான் கணக்குப் பார்த்தார்கள். இஸ்கீமியா என்று ஒரு ஆய்வு, 37 நாடுகளில் 5,179 பேர். இந்தியாவிலிருந்தும் ஆட்கள் இருந்தார்கள். அப்பாவைப் போல நிதானமான நெஞ்சுவலியும், டெஸ்டில் கோளாறும் உள்ளவர்கள். பாதிப்பேருக்கு உடனே ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் அல்லது பைபாஸ், மீதிப்பேருக்கு மாத்திரை, தேவைப்பட்டால் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். மூன்று வருஷத்துக்கு மேல் பார்த்ததில் சாவிலும் ஹார்ட் அட்டாக்கிலும் இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. 2020ல் வெளியானது. வலி அடிக்கடி வந்தவர்களுக்கு மட்டும் ஸ்டென்ட் பக்கம் நல்ல ஆறுதல் கிடைத்தது. பெரிய அடித்தண்டு அடைத்தவர்களையும், இதயம் ரொம்பப் பலவீனமானவர்களையும் அதில் சேர்க்கவில்லை. அதனால்தான் அப்பாவின் படத்தில் அந்த அடித்தண்டை நான் மூன்று முறை போட்டுப் பார்த்தேன்.

இங்கிலாந்தில் இன்னொரு ஆய்வு செய்தார்கள், அதைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. 200 பேர், ஒரே ஒரு குழாயில் அடைப்பு. எல்லோரையும் மயக்கி மேசையில் படுக்கவைத்து, பாதிப்பேருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள், மீதிப்பேருக்கு வைத்த மாதிரி நடித்தார்கள். மாத்திரை நன்றாகப் போய்க்கொண்டிருந்ததால், ஆறு வாரம் கழித்து டிரெட்மில்லில் ஓடவிட்டால் இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அது 2017. ஆனால் முழுக்கதையையும் சொல்ல வேண்டும் இல்லையா? 2023ல் அதே மாதிரி 301 பேரை, இந்த முறை நெஞ்சுவலி மாத்திரைகளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வலி உண்மையாகவே குறைந்தது. ஆகவே ஸ்டென்ட் பொய் இல்லை. அப்பாவுக்கு அது வலிக்கான வைத்தியம். ஆயுளைக் கூட்டுகிற வைத்தியம் இல்லை. ஹார்ட் அட்டாக் என்றால் கதையே வேறு. வாசலைத் தாண்டிய தொண்ணூறு நிமிஷத்துக்குள் குழாயைத் திறக்கச் சொல்லி நானே கத்துவேன்.

உன் பெரியப்பா, "காசுக்கு யோசிக்கிறீங்களா" என்று கேட்டார். 2017ல் அரசாங்கம் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய் என்று விலையைக் கட்டிப்போட்டது. அதற்கு முன்னால் லட்சத்துக்கு மேல் விற்றதை நான் பில்லில் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரிச் செலவு தனி. அதற்கெல்லாம் வங்கியில் இருக்கிறது, நீயும் இருக்கிறாய். காசு காரணம் இல்லை.

வேறொரு காரணம் இருக்கிறது. ஸ்டென்ட் வைத்துவிட்டால் ஆஸ்பிரினோடு இன்னொரு ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும் மாதக்கணக்கில், ஒரு வேளை தவறாமல் போட வேண்டும். அப்பாவைப் போல் நாள் குறித்து வைத்தால் ஆறு மாதம், அட்டாக் வந்தவர்களுக்கு ஒரு வருஷம் என்பது வழக்கம். நாலு மாதமான ஒருத்தர் பல் பிடுங்கப் போனார். யாரோ சொன்னார்கள் என்று இரண்டு மாத்திரையையும் நிறுத்தினார். இதய டாக்டரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐந்தாம் நாள் விடியற்காலை ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து வந்தார். திறந்தோம், பிழைத்தார். ஆனால் வண்டி மிதித்து மார்க்கெட் போன மனுஷன் மாடிப்படி ஏற முடியாமல் ஆகிவிட்டார். அப்பாவுக்கு அடுத்த மாதம் புரோஸ்டேட் ஆபரேஷன் இருக்கலாம் என்கிறார்கள், உன்னிடம் அவர் சொல்லியிருக்க மாட்டார். இப்போது ஸ்டென்டை வைத்துவிட்டு, அந்த ஆபரேஷனுக்காக மாத்திரையை நிறுத்தவா வேண்டாமா என்று திண்டாட எனக்கு மனசில்லை.

இப்போது ஆஸ்பிரின், கொலஸ்ட்ரால் மாத்திரை, நாடித் துடிப்பைக் குறைக்க ஒன்று, ரத்தக்குழாயைத் தளர்த்த ஒன்று. டப்பாவில் கிழமை எழுதி வைத்திருக்கிறேன். சட்டைப்பையில் சார்பிட்ரேட். வலி வந்தால் உட்கார்ந்து நாக்குக்கு அடியில் ஒன்று, ஐந்து நிமிஷத்தில் அடங்காவிட்டால் 108. சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலி வந்தாலோ, முன்பைவிடக் குறைந்த தூரத்தில் வந்தாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரி. அதில் அப்பாவின் பேச்சையும் கேட்க மாட்டேன், உன் பேச்சையும் கேட்க மாட்டேன்.

ரேஸ்கோர்ஸ் மைதானத்தைச் சுற்றித்தான் நடக்கிறார். சித்திரையில் மூன்றாவது வேப்பமரத்தடியில் நின்று செருப்பைச் சரிசெய்வது போல் குனிவார். நான் பின்னால் வருவது தெரியாது என்று நினைப்பு. போன வாரம் ஏழாவது மரம் வரைக்கும் நிற்கவில்லை. ஆவணியில் மறுபடி டாக்டரைப் பார்க்கிறோம். அதற்குள் ஒரு சுற்று முழுதாக வராவிட்டால், வந்தும் வலி அவரைப் படுத்தினால், ஸ்டென்ட் வைத்துக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். புரோஸ்டேட் விஷயத்தையும் அதோடு சேர்த்து முடிவு பண்ணுவார்கள்.

அன்றைக்கு நீ வீடியோவில் இருந்தால் நல்லது. டாக்டரிடம் ஏற்கெனவே கேட்டுவிட்டேன், சரி என்றிருக்கிறார். கேட்க வேண்டியதை எழுதி வைத்துக்கொள். ஆனால் அவரிடம் என்னிடம் பேசுகிற மாதிரி பேசாதே.

கேட் சத்தம் கேட்கிறது. வந்துவிட்டார். கையில் பேப்பர் பொட்டலம், வாசனை பார்த்தால் உளுந்த வடை மாதிரி இருக்கிறது. போய்ப் பார்க்கிறேன்.

அம்மா