பத்தாவது பாட்டு வரைக்கும் பாடிக் காட்டியவருக்கு

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

என் கணவர் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். இதை எழுதும்போது பக்கத்து அறையில் தூங்குகிறார். மூச்சுச் சத்தம் இங்கே கேட்கிறது. நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், நீங்களும் எங்களோடு சேர்ந்துதான் அதைத் தாண்டினீர்கள். அதனால் நேரே நன்றிக்கு வருகிறேன்.

இரவு பகல் பாராமல் கவனித்துக்கொண்ட தாதியர், மருத்துவர்கள், யாருக்குப் போகிறது என்று தெரியாமலே இரத்தம் கொடுத்த நல்ல மனிதர்கள், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து சோறு போட்ட எதிர்வீட்டு மலாய் அக்கா, தாழ்வாரத்துத் துளசியை வாடவிடாத சீனப் பாட்டி, டேங்க் ரோடு முருகன் கோயிலிலும் சிராங்கூன் ரோடு காளியம்மன் கோயிலிலும் அர்ச்சனை செய்து திருநீறும் குங்குமமும் கொண்டுவந்து கொடுத்த உறவுகள், அவருடைய அலுவலக நண்பர்கள், எல்லாருக்கும் கைகூப்பி வணங்குகிறேன். ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து சொல்லத்தான் போகிறேன்.

ஆனால் ஒருவரைப் பற்றி உங்களில் யாருக்கும் தெரியாது. மருத்துவமனையின் அந்த மாடியில் இரவுப் பணியில் இருந்த பாதுகாவல் அதிகாரி அவர். அறுபதைத் தாண்டியவர். வீடு ஜொகூரில். சாயங்காலம் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து, காலையில் மறுபடி உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் வரிசை பிடித்து வீடு திரும்புகிறவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

டாக்டர் கூப்பிட்டுப் பேசிய அந்த இரவு, நடைவழி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். குளிருக்குச் சால்வையை இழுத்துப் போர்த்தியிருந்தாலும் உள்ளே எரிந்துகொண்டிருந்தது. வாய் என்னை அறியாமல் சின்ன வயதில் மனப்பாடம் செய்ததை முணுமுணுத்தது: “மாசில் வீணையும் மாலை மதியமும், வீசு தென்றலும் வீங்கிள வேனிலும்…” அதற்கு மேல் வரவில்லை. திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நின்றது. லிஃப்ட் பக்கத்திலிருந்து ஒரு குரல், மெதுவாக, ராகத்தோடு எடுத்துக் கொடுத்தது:

“மூசு வண்டறை பொய்கையும் போன்றதே
ஈசன் எந்தை இணையடி நீழலே.”

நிமிர்ந்து பார்த்தேன். அவர் யாருக்கு என்ன என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. “இது சுண்ணாம்புக் காளவாய்க்குள்ள இருந்து பாடுனதும்மா” என்றார். அவ்வளவுதான். தன் சுற்றுக்குப் போய்விட்டார்.

பல்லவ மன்னன், அப்பர் என்று நாம் சொல்லும் திருநாவுக்கரசரை நீற்றறையில், அதாவது அந்தச் சுண்ணாம்புக் காளவாயில், ஏழு நாள் அடைத்த கதையைப் பெரிய புராணத்தில் படித்திருக்கிறேன். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டபோதுதான் அந்தப் பாட்டு எனக்குள் இறங்கியது. நாலு பக்கமும் தகிக்கிறது. அங்கே இருந்துகொண்டு ஒருவர் வீணையின் நாதத்தை, மாலை நிலவை, தென்றலை, இளவேனிலை, வண்டு மொய்க்கும் குளத்தை ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிறார். காதுக்கு, கண்ணுக்கு, மேனிக்கு என்று ஒவ்வொரு புலனாகக் குளிரவைக்கிறார். நானும் அப்படியே ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். விடியும் வரை தாங்கியது.

அதன்பிறகு சுற்று முடிந்து வரும்போதெல்லாம் ஒரு பாட்டு சொல்லிவிட்டுப் போவார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் வாத்தியார் சொல்லிக்கொடுத்ததாம். ஒருநாள் காலை, வேலை முடிந்த களைப்போடு பேருந்தை விட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து பதிகம் முழுவதையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மருந்து ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். “முதல் பாட்டு எல்லாருக்கும் தெரியும்மா. பத்தாவதுதான் கையில வேலை குடுக்கும்” என்றார்.

“விறகில் தீயினன் பாலில் படுநெய்போல்
மறைய நின்றுளன் மாமணிச் சோதியான்
உறவு கோல்நட்டு உணர்வு கயிற்றினால்
முறுக வாங்கிக் கடைய முன்நிற்குமே.”

விறகுக்குள் தீயாக, பாலுக்குள் நெய்யாக இறைவன் மறைந்துதான் இருக்கிறான். கோலை நட்டுக் கயிற்றை இறுக்கிப் பிடித்துக் கடை, வந்து முன்னால் நிற்பான். அந்த நடைவழியில் எனக்குச் செய்ய ஒன்றுமே இல்லை. மருந்து அவர்கள் கையில், உயிர் அவன் கையில். காத்திருப்பவளுக்கு அப்பர் ஒரு வேலை கொடுத்தார். அழுதுகொண்டே கடைந்தேன். உறவு என்று அவர் சொல்வது இறைவன்மேல் வைத்த அன்பை. எனக்கு அதில் உங்கள் முகங்களும் தெரிந்தன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். “தைரியமா இருங்க” என்று எல்லாரும் அன்போடுதான் சொன்னீர்கள். ஆனால் அந்த நாள்களில் எனக்குத் தேவைப்பட்டது, தைரியம் இல்லாமல் பேச ஓர் இடம். அதுவும் அப்பரிடம்தான் கிடைத்தது. சூலை நோய் என்னும் கொடிய வயிற்றுவலியில் துடித்தபோது திருவதிகையில் அவர் பாடிய “கூற்றாயினவாறு விலக்ககிலீர்” பதிகத்தில் ஒளிவுமறைவே இல்லை. குடலை முறுக்குகிறது, என்னால் தாங்க முடியவில்லை என்று முறையிடுகிறார். அதைத்தான் நான்காம் திருமுறையின் முதல் பதிகமாக வைத்திருக்கிறார்கள். காளவாய்க்குள் நிலவைப் பாடியவரும் இவரேதான். இப்படி வலிக்க வலிக்கக் கதறியதையும் நம் முன்னோர்கள் வழிபாடாக எடுத்துக்கொண்டு இத்தனை நூற்றாண்டாகக் கோயிலில் பாடிவருகிறார்களே என்று நினைக்கும்போது நெஞ்சு நிறைகிறது.

வேண்டுதல் என்று மொட்டையோ காவடியோ நான் நேர்ந்துகொள்ளவில்லை. இதைத்தான் நேர்ந்துகொண்டேன்: வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இந்தப் பத்துப் பாட்டையும் பொருளோடு, காளவாய்க் கதையோடு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளைகளும் வரட்டும், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களும் வரட்டும். முதல் பாட்டோடு யாரையும் விடமாட்டேன்.

ஐயா, இந்த மடலை உங்களுக்குப் படித்துக் காட்டச் சொல்லி வார்டுத் தாதியிடம் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன். உங்களுக்கு ஓய்வு கிடைக்கும் வெள்ளிக்கிழமை ஒருநாள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வாருங்கள். என் கணவர் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார். உங்கள் வாத்தியார் சொல்லிக்கொடுத்த ராகத்தைப் பிள்ளைகள் உங்கள் வாயால் கேட்கட்டும்.

நன்றியுடன்,
ஈசூனிலிருந்து உங்கள் சகோதரி