இடிக்க வேண்டாம், பழுதுபாருங்கள்: அகமதாபாத் ஐஐஎம் ஆளுகைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆளுகைக் குழுவினருக்கு,

வணக்கம். 2020 டிசம்பரில், அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் வடிவமைத்த 18 மாணவர் விடுதிகளில் 14ஐ இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போவதாக அறிவித்தீர்கள். பல நாடுகளிலிருந்தும் எதிர்ப்பு வந்தது. புத்தாண்டு பிறந்ததுமே அறிவிப்பைத் திரும்பப் பெற்றீர்கள், நாங்களும் நிம்மதியானோம். ஆனால் 2022 நவம்பரில், பழுதுபார்த்துக் கட்டுப்படியாகாது, திரும்பக் கட்டத்தான் வேண்டும் என்று மறுபடியும் அதே இடத்துக்கு வந்து நின்றீர்கள். பின்னணி எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் நேராகக் கேட்கிறேன்: விடுதிகளை இடிக்காதீர்கள். பழுதுபாருங்கள்.

நான் ஒரு கட்டடப் பொறியாளன். உங்களுக்கு இருக்கும் சிரமத்தை இல்லை என்று சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் ஒழுகுகிறது, தளத்தின் அடியிலிருந்து கான்கிரீட் பெயர்ந்து விழுகிறது, 2001 பூகம்பம் வேறு தன் பங்குக்குச் சேதம் செய்துவிட்டுப் போனது. அந்தத் தளத்துக்குக் கீழே பிள்ளைகள் படுத்துத் தூங்க வேண்டும் என்றால் பெற்றவர்களுக்குப் பயம் வரத்தான் செய்யும். பாதுகாப்பில்லாத அறையில் ஒரே ஒரு மாணவர்கூட இருக்கக் கூடாது. ஆபத்தான விடுதியைக் காலி செய்யுங்கள், முட்டுக் கொடுங்கள், பூட்டி வையுங்கள். அதற்கு யாரும் குறுக்கே நிற்க மாட்டார்கள்.

ஆனால் நோய் என்ன என்று பார்க்க வேண்டாமா? செங்கல் சுவருக்குள் வைத்த கம்பியைத் தண்ணீர் தொட்டுவிட்டால் துரு பிடிக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளே இடம் போதாமல் அது தள்ளும்போது செங்கல் வெடிக்கும். விரிசல் வழியாக இன்னும் தண்ணீர் இறங்கும். இப்படியே வருடக்கணக்கில் நடந்தால் கோட்டைச் சுவரும் தாங்காது. இதற்கு வைத்தியம் உண்டு. தண்ணீர் வரும் வழியை முதலில் அடைக்க வேண்டும், துருப்பிடித்த கம்பியை எடுக்க வேண்டும், வெடித்த கல்லை மட்டும் மாற்ற வேண்டும், இணைப்புச் சாந்தைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. செலவும் குறைவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முடியாத வேலை இல்லை. உங்கள் வளாகத்திலேயே விக்ரம் சாராபாய் நூலகத்தைக் கட்டடக் கலைஞர் பிருந்தா சோமையாவின் குழு சீர்செய்து கொடுத்தது. அதற்கு 2019இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. நூலகத்துக்கு முடிந்தது விடுதிகளுக்கு ஏன் முடியாது என்பதைத்தான் நீங்கள் விளக்க வேண்டும்.

வெளித்தோற்றத்தை அப்படியே வைத்து உள்ளே நவீனமாகக் கட்டிவிடலாம் என்றும் பேசப்படுகிறது. இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. அந்த விடுதிகளின் உயிர் உள்ளேதான் இருக்கிறது. வழக்கமான ஹாஸ்டலில் நீளமான நடைபாதை இருக்கும், இரண்டு பக்கமும் வரிசையாகக் கதவுகள் இருக்கும். கான் அதை வேண்டாம் என்று ஒதுக்கினார். மாடிப்படியையும் தேநீர் அறையையும் நடுவில் வைத்து, அவற்றைச் சுற்றி அறைகளை அமைத்தார். ஒருவர் படியிறங்கும்போது இன்னொருவரைப் பார்க்காமல் போக முடியாது, பார்த்தால் பேசாமல் போக முடியாது. படிப்பு வகுப்பறையோடு முடிவதில்லை என்பதைச் செங்கல்லில் கட்டிக் காட்டினார். அகமதாபாத் வெயில் நேரே அறைக்குள் விழாதபடி ஆழமான தாழ்வாரங்கள் வைத்தார். வெளிச்சுவரில் தெரியும் அந்தப் பெரிய வட்டத் திறப்புகள் அழகுக்கு மட்டும் வைத்தவை அல்ல, நிழலுக்கும் காற்றுக்கும் வைத்தவை. வளைவுகளின் அடியில் ஓடும் கான்கிரீட் உத்திரம், வளைவு பக்கவாட்டில் உதைப்பதை இழுத்துப் பிடிக்கிறது. செங்கல் செய்யும் வேலை, கான்கிரீட் செய்யும் வேலை இரண்டையும் கண்ணால் பார்க்கலாம். வெறும் முகப்பை வைத்துக்கொண்டு பின்னால் ஏசி அறைகளை அடுக்கினால் இதில் எது மிஞ்சும்?

1974இல் அகமதாபாத்திலிருந்து ஊர் திரும்பும் வழியில், நியூயார்க் ரயில் நிலையத்தில் கான் இறந்துபோனார். கட்டடக் கலைஞர்கள் தோஷியும் அனந்த் ராஜேயும் இந்த வளாகத்தின் பணியைத் தொடர்ந்தார்கள். இன்று அவர்களும் இல்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று இனி அவர்களைக் கேட்க முடியாது. கட்டடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால்தான் இடிக்காதீர்கள் என்று மறுபடியும் கேட்கிறேன்.

உங்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? நாடு முழுக்க இதே கதைதான். பராமரிப்புக்கு நிதி ஒதுக்க மாட்டோம், கூரையில் செடி முளைத்தாலும் பிடுங்க மாட்டோம், அப்புறம் ஒருநாள் 'பயன்படுத்த லாயக்கில்லை' என்று சான்றிதழ் வாங்கிவிடுவோம். 2017 ஏப்ரலில் டெல்லி பிரகதி மைதானத்தின் ஹால் ஆஃப் நேஷன்ஸ் அரங்கை ஒரே இரவில் தரைமட்டமாக்கினார்கள். ராஜ் ரேவலும் மகேந்திர ராஜும் 1972இல் எழுப்பிய அரங்கம் அது. அதை வடிவமைத்த இருவரும் உயிரோடு இருக்கும்போதே இடித்தார்கள். நினைத்தால் இன்றும் ஆத்திரமாக வருகிறது. அதே நாட்டில்தான் சென்னை சேப்பாக்கத்தில் வேறொன்றும் நடந்தது. 2012 ஜனவரியில் ஆற்காடு நவாபின் பழைய அரண்மனைக் கட்டடமான கலச மஹால் தீப்பிடித்துக் கூரையெல்லாம் சரிந்துவிட்டது. எரிந்துபோய் நின்ற அந்தச் சுவர்களைப் பொதுப்பணித் துறை சுண்ணாம்புக் காரை கொண்டு மீட்டெடுத்தது. இன்று அங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு நடக்கிறது. தீயில் வெந்த சுவரையே மீட்க முடியும் என்றால், மழையில் நனைந்த சுவரை மீட்க முடியாதா?

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கட்டட உறுதி குறித்து உங்களிடம் இருக்கும் ஆய்வறிக்கைகளை முழுமையாக வெளியிடுங்கள். பாரம்பரியக் கட்டடங்களில் வேலை செய்த பொறியாளர்கள் அவற்றைப் படித்துக் கருத்துச் சொல்ல அவகாசம் கொடுங்கள். ஒவ்வொரு விடுதியையும் தனித்தனியாகச் சோதியுங்கள், எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்பு எழுதாதீர்கள். மிக மோசமான நிலையில் உள்ள ஒன்றை முதலில் எடுத்துப் பழுதுபார்த்து, அதில் ஆகும் செலவையும் கிடைக்கும் பலனையும் எல்லோருக்கும் தெரியும்படி வையுங்கள். அதுவரை எந்த விடுதியையும் இடிக்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு கட்டடப் பொறியாளன்