பெயின்ட் டப்பாவோடு வரும் பாடம்

தேவகோட்டை

அன்புள்ள மெய்யப்பா,

கடிதமும், உன் பள்ளிக்கு அந்தச் சத்துப்பானக் கம்பெனி அனுப்பிய பயிற்சித்தாளும் கிடைத்தன. ஆச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததில் நிம்மதி.

வகுப்பறைக்குப் பெயின்ட் அடித்துத் தருகிறோம், பதிலுக்கு மாதம் ஒரு 'ஊட்டச்சத்துப் பாடம்' என்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். கோயில் டியூப்லைட்டில் 'உபயம்' எழுதிப் பாதி வெளிச்சத்தை மறைக்கும் ஊர்தான் நம்முடையது. ஆனால் சுவரில் இருக்கும் பெயரைப் பிள்ளைகள் நாலு நாளில் மறந்துவிடும். பாடத்துக்குள் வந்தால் டீச்சர் சொன்னதாகவே மனதில் பதியும்.

தாளில் கம்பெனிப் பெயரையும் டப்பா படத்தையும் கறுப்பு மையால் அடித்துவிட்டுப் படித்துப் பார். மூன்றாம் பக்கத்தில் ஒன்றும் மிஞ்சாது. அதைவிட, எதை விட்டிருக்கிறார்கள் என்று பார். எலும்புக்குக் கால்சியம் வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதியவர்கள் கேப்பையை, அதுதான் கேழ்வரகை, சொல்லவே இல்லை. 100 கிராம் கேப்பையில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. சர்க்கரை என்ற சொல்லும் எங்கும் இல்லை.

டப்பாவின் பின்பக்கம் 'சேர்த்த சர்க்கரை' எவ்வளவு என்று பார்த்து அதையே கணக்காகக் கொடு. 100 கிராமுக்கு 35 கிராம் என்றால், ஒரு டம்ளருக்குப் போடும் 20 கிராம் பொடியில் 7 கிராம். ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் என்றால் 14. இந்தக் கணக்கைத் தாளில் சேர்க்கச் சம்மதிப்பார்களா என்று கேள். முகம் மாறுவதிலேயே பதில் தெரிந்துவிடும்.

சட்டமும் உன் பக்கம்தான். சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்தில் விளம்பரம் செய்யவோ விற்கவோ கூடாது, இலவசமாகவும் கொடுக்கக் கூடாது என்கிறது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதி. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் மாணவர்களிடம் இதெல்லாம் கூடாது. ஆகவே இந்தப் பானம் அந்தக் கணக்கில் வந்தால் சுவரில் பெயர் போடுவதும் சரிப்படாது. சாம்பிள் பாக்கெட்டையும் திருப்பி அனுப்பு.

இன்னொன்று: பணம் சிஎஸ்ஆர் கணக்கிலிருந்தா (கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்கும் பணம்), விற்பனைப் பிரிவிலிருந்தா என்று எழுத்தில் வாங்கு. தன் பொருளுக்கு விளம்பர லாபம் தேடிச் செய்யும் ஸ்பான்சர் வேலையை சிஎஸ்ஆரில் காட்டக் கூடாது என்று அதற்கான விதிகளின் 2021 திருத்தம் சொல்கிறது. ஓவியப் போட்டிப் படிவத்தில் பெற்றோர் செல்போன் எண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கிறதே, அது எதற்கு? அடித்துவிடு.

கொடுப்பதென்றால் இப்படிக் கொடுக்க வேண்டும்: காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்கு வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்தார். நிலையத்தின் பெயரில்கூட அவர் பெயர் கிடையாது. பெயின்டுக்கு மலேசியாப் பங்காளிகளிடம் கேட்டுப் பார்ப்போம். பள்ளி மேலாண்மைக் குழு கூடுவதற்குள் சுவர் எத்தனை சதுர அடி என்று அளந்து எழுது.

அன்புடன்,
வயிரவன்